கார்டு சார் படகு ஓட்டிய ஞாயிறு

தாம்பரத்துக்குத் தெற்கே கடிகாரத்தை உண்மையாக நம்பிய ஒரே மனிதர் கார்டு சார்தான். மற்ற நாமெல்லாம் அதைச் சும்மா கையில் கட்டிக்கொண்டு திரிகிறோம்.

மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் எனக்கு எதிர் வீடு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சர்ச் ரிஜிஸ்டரிலும் ஆதார் அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாரும் அதை எடுத்துப் புழங்கியதில்லை. ரயில்வே அவரை விட்டபிறகும் விசில் அவர் கழுத்தை விடவில்லை. மகள் கல்யாணத்தன்று மணமக்கள் ஏறிய காருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டினார். அதுவரை டிரைவர் வண்டியை நகர்த்தவில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்ப்பார், சிக்னல் இன்னும் விழவில்லையா என்கிற மாதிரி. அந்தப் பார்வைக்குப் பயந்தே போதகர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் ஒருநாள் படகு வாங்கினார்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பக்கிங்காம் கால்வாய்க் கரையில், ஒரு ரிசார்ட்டை மூடிவிட்டார்கள். விருந்தினர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிய படகு ஒன்று மட்டும் அங்கே கிடந்தது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். நான்கு இரும்புக் கம்பிகளின்மேல் நீலக் கூரை, பின்னால் ஒரு சின்ன மோட்டார். சார் அதை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் தெருவே அவர் வீட்டு வாசலில் கூடியது. எங்கள் குடியிருப்போர் சங்க செகரட்டரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“சேலையூர்ல படகை எங்க சார் நிறுத்துவீங்க? முடிச்சூர் பக்கம் வீடு பார்த்திருந்தா மழைக்கால வெள்ளத்துல வாசல்லயே கட்டியிருக்கலாமே!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சார் சிரிக்கவில்லை.

“கேளம்பாக்கத்துல எடம் பார்த்தாச்சு. கால்வாய் வழியாவே ஓட்டிட்டுப் போயிடுவேன்” என்றார்.

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் படகுல நான் கால் வைக்கமாட்டேன். இது ஆண்டவர் அறிய சொல்றேன்.”

எதற்காகப் படகு என்று அன்று சாயங்காலம் தனியாகக் கேட்டேன். கழுத்து விசிலை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“முப்பத்திநாலு வருஷம் தம்பி. பீச் ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும் எத்தனை தடவை போயிருப்பேன்! எல்லாம் கடைசிப் பெட்டியில, பின்பக்கம் பார்த்துக்கிட்டு. ஒவ்வொரு ஊரும் தாண்டிப் போனப்புறம்தான் என் கண்ணுல படும். முன்னாடி என்ன வருதுன்னு ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல.”

அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. மறுநாள் படகைப் பார்க்க அவரோடு கிளம்பிவிட்டேன். ரிசார்ட் வாட்ச்மேன் எங்களை ஏற்றி உட்காரவைத்தார். சார் நேராக முன்வரிசைக்குப் போய், சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஸ்டியரிங்கைத் தேடினார். காணவில்லை.

“இன்னா சார் தேடுற? அங்க ஒண்ணும் கெடையாது” என்றார் வாட்ச்மேன். “பின்னாடி வா. மோட்டார்ல நீட்டிக்கினு கீது பாரு ஒரு கம்பி, அத்த புடிச்சித்தான் ஓட்டணும்.”

சார் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகப் பின்னால் போய் உட்கார்ந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

“பரவாயில்ல தம்பி. ரயில்ல என் கையில கொடி மட்டும்தான் இருந்துச்சு.”

அந்தக் கம்பியில் ஒரு சங்கடம் உண்டு. வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். பழகிக்கொள்ள வீட்டில் தண்ணீர் ஏது? மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, ஒட்டடைக் குச்சியைப் பின்னால் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் பயிற்சி எடுத்தார். பயிற்சி நன்றாகவே உடம்பில் இறங்கியது. ஒருநாள் காலையில் ஸ்கூட்டரை வலது பக்கம் திருப்ப நினைத்தவர், இடது பக்கம் இருந்த செகரட்டரி வீட்டு கேட்டில் கொண்டுபோய்ச் செருகினார்.

“நான் படகு வாங்கல சார்! என் கேட் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று செகரட்டரி கத்தியது கேம்ப் ரோடு வரை கேட்டது.

அதற்குள் ரிசார்ட் நிலம் கைமாறி, திங்கட்கிழமை புல்டோசர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்குள் படகை எடுக்காவிட்டால் அது கட்டடத்தோடு சேர்ந்து குப்பையாகிவிடும். ஆக, ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். சார் ஒரு வெள்ளைத் தாளில் அட்டவணை எழுதினார்: புறப்பாடு 7.00, வந்து சேர்தல் 2.10. நடுவில் காபிக்கு நான்கு நிமிடம், தாமதத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

படகில் மூன்று பேர் போனோம். சார், நான், அப்புறம் செல்வி அக்கா. அக்கா கால்வாயில் இறால் பிடித்து எங்கள் தெருவில் விற்பவர். கேளம்பாக்கத்தில் படகு கட்ட இடம் கொடுத்ததும் அவர்தான். தண்ணீரை ஒட்டி அவர் வீட்டுத் தென்னைகள் இருந்தன. அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “மாசத்துக்கு ஒருதபா என்னையும் ஒரு ரவுண்டு கூட்டினு போ சார். பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியில நின்னுகினே கீறேன், ஒருநாளும் குந்திகினு போனதில்ல.”

எனக்கு நீச்சல் தெரியாது. படகோடு வந்த லைஃப் ஜாக்கெட்டில் இரண்டைப் போட்டுக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்து வழி பார்க்கும் வேலை எனக்கு. ஏழாவது இழுப்பில் மோட்டார் உயிர்பெற்றது. சார் விசில் ஊதினார். கரையில் நின்ற இரண்டு ஆடுகள் ஓடின. படகு நகர்ந்தது.

“தம்பி, முன்னாடி என்ன தெரியுது?”

“தண்ணி சார்.”

“அப்புறம்?”

“இன்னும் கொஞ்சம் தண்ணி சார்.”

ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கேள்வி. முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக நான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். வலது பக்கம் சவுக்குத் தோப்பு வருது சார். மூணு கொக்கு நிக்குது சார். ஒருத்தர் வலை வீசறாரு, கை ஆட்டறாரு சார். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார். அவை எங்களைத் தாண்டிப் போவதற்குள் பார்த்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஓரிடத்தில் எருமைகள் கால்வாயைக் கடந்தன. மோட்டாரை அணைத்துவிட்டார். “லெவல் கிராசிங்” என்றார். கடைசி எருமைக்கு அவசரமே இல்லை. பத்து நிமிடம் போயிற்று. அட்டவணையில் தாமதக் கணக்கிலிருந்து அதைப் பென்சிலால் கழித்தார்.

பாதி வழியில் ஒரு பழைய பாலம். அங்கேதான் விதி எங்களுக்காகக் காத்திருந்தது. கடலிலிருந்து தண்ணீர் ஏறியிருந்த நேரம். படகை மெதுவாகக் கொண்டுபோனபோது கூரைக் கம்பி பாலத்தின் அடியில் ‘ணங்’ என்று இடித்தது. நான்கு விரல் உயரம் அதிகம். கம்பிகளைக் கழற்றலாம் என்றால் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஐக்கியமாகியிருந்தன.

“தண்ணி வத்தற வரைக்கும் நிக்கலாமா அக்கா?” என்று கேட்டேன்.

“நின்னா பாலத்த தாண்டிடலாம். ஆனா உப்பளத்தாண்ட சேத்துல மாட்டிப்போம். அங்க இப்பவே முட்டி அளவுதான் கீது. சீக்கிரமா போனாதான் உண்டு.”

தண்ணீர் இருந்தால் பாலம் விடாது. தண்ணீர் இறங்கினால் சேறு விடாது. சார் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். “திரும்பிடலாமா தம்பி?” என்றார். திரும்பினால் திங்கட்கிழமை புல்டோசர். அது அவருக்கும் தெரியும்.

நான் செகரட்டரிக்குப் போன் போட்டேன். படகை வரவேற்க, அல்லது அது வராததைப் பார்த்துச் சிரிக்க, எங்கள் தெரு ஒரு வேன் பிடித்துக் கேளம்பாக்கம் போய்க்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் வேன் அரை மணி நேரத்தில் பாலத்துக்கு வந்தது. எல்லோரும் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் வழி காட்டியது செல்வி அக்காதான்.

“அல்லாரும் மேல நின்னுகினு இன்னாத்துக்குக் கத்தறீங்க? எறங்கி வந்து படகுல குந்துங்க. வெயிட்டு ஏறினா படகு தாழும். தாழ்ந்தா பூந்துடும்!”

சொல்லிவிட்டு அக்கா தண்ணீரில் குதித்து நின்று காட்டினார். மார்பளவுதான். “பாத்துக்கோ, ஒண்ணும் ஆவாது.”

முதலில் வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? செகரட்டரி! “என் கேட்டை இடிச்ச கை, பாலத்தை இடிக்காம பார்த்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே பேன்ட்டைச் சுருட்டி ஏறினார். நல்ல கனமான மனிதர். அவர் உட்கார்ந்ததும் படகு மரியாதையாகத் தாழ்ந்தது. அவர் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். சார் சட்டென்று பழைய ஆளாகிவிட்டார். “நடுவுல உட்காருங்க! கையை வெளிய நீட்டாதீங்க! படியில நிக்காதீங்க!” படகில் படியே இல்லை.

எட்டுப் பேர் ஏறியாயிற்று. கூரை இன்னும் ஒரு விரல் அளவு பாலத்தில் இடித்தது. கரையில் மிச்சம் இருந்தவர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான், கையில் டிபன் கேரியரோடு.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடத் துணிவில்லை. சார் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு, “இந்தாங்க, இதைப் பிடிங்க” என்று கேரியரை என்னிடம் நீட்டிவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தார்.

“டீச்சர், ஆண்டவர் அறிய சொன்னீங்களே...” என்று செகரட்டரி ஆரம்பித்தார்.

“ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க.”

எல்லோரும் குனிந்துகொண்டோம். படகு புகுந்தது. கம்பி பாலத்தின் அடியை வருடிக்கொண்டே, காதைக் கூசவைக்கும் ‘கிரீச்’ சத்தத்தோடு அங்குலம் அங்குலமாகப் போயிற்று. இருட்டு, ஈர வாசனை, யாரோ ஒருவரின் ‘ஸ்தோத்திரம்’, இன்னொருவரின் ‘முருகா’. அப்புறம் வெளிச்சம். கூரையில் வெயில் அடித்ததும் எழுந்த ஆரவாரத்தில் கால்வாய்க் கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. கடைசி நூலிழை தாழ்ந்தது டீச்சரால் அல்ல, கேரியரில் இருந்த எலுமிச்சை சாதத்தால்தான் என்று செகரட்டரி இன்றைக்கும் வாதாடுகிறார்.

புதுச் சிக்கல் ஒன்று கிளம்பியது. ஏறியவர்கள் இறங்க மறுத்தார்கள். காற்று நன்றாக இருக்கிறதாம். இத்தனை பேரோடு உப்பளத்துச் சேற்றைத் தாண்டமுடியாது. சார் எழுந்து நின்று, முழுக் குரலில் அறிவித்தார்.

“பயணிகள் கவனத்துக்கு! இந்த வண்டி இதுக்கு மேல போகாது. எல்லாரும் இறங்கிடுங்க!”

தினமும் மின்சார ரயிலில் போகிறவர்கள் அல்லவா? காலம்காலமாகப் பழகிய அந்த வாக்கியத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்பட்டார்கள். டீச்சர் மட்டும் அசையவில்லை.

“நீயும்தான் ஸ்டெல்லா.”

“நான் உங்க பாசஞ்சர் இல்ல. வண்டியை எடுங்க.”

உப்பளத்தருகே ஒருமுறை தரை தட்டியது. செல்வி அக்கா இறங்கித் தள்ள, இரண்டு லைஃப் ஜாக்கெட்டோடு நானும் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினேன். படகு நழுவி ஓடியது, எங்களையும் ஏற்றிக்கொண்டது. என் செருப்பில் ஒன்று இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

கேளம்பாக்கத்தில் தென்னைகள் தெரிந்தபோது, வேன் கூட்டம் கரையில் நின்று கையசைத்தது. செல்வி அக்கா கயிற்றோடு தயாரானார். கரைக்கு இருபது அடி இருக்கும்போது சார் மோட்டாரை அணைத்தார்.

“என்ன ஆச்சு சார்?” பதறிப்போனேன்.

“மணி ரெண்டு எட்டுதான் ஆகுது. ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டோம்.”

செல்வி அக்கா அதைக் கரைக்குக் கத்திச் சொன்னார். கரையிலும் சத்தம் அடங்கியது. சேலையூர்த் தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கைக்கடிகாரத்துக்காகக் காத்திருந்தது. சரியாக 2.10க்குப் படகு கரையைத் தொட்டது. செகரட்டரி ஓடிவந்து சாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சார் காலில் செருப்பு இருந்ததா, கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. என் கண் தெளிவாக இல்லை.

நாள் முழுக்க வெயிலில் இருந்ததில் சாருக்கு மறுநாளே காய்ச்சல். டீச்சர் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். புதன்கிழமை இரவெல்லாம் நல்ல மழை. படகில் தண்ணீர் தேங்கியிருக்குமே என்று காலையில் நினைப்பு வந்தது. ஆபீஸுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஒரு வாளியோடு கேளம்பாக்கம் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், படகுக்குள் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார் செகரட்டரி. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே இறங்கினேன்.