கஸ்பாரும் ஒரு மூட்டை மெழுகுதிரியும்

செத்தாலும் சரி, ஒருமுறை ஓட்டலில் படுத்து எழுந்துவிட்டுத்தான் சாவது என்று கஸ்பார் முடிவு செய்துவிட்டார். படுக்கும்போது மனைவி ஐவி பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதும் அந்த முடிவில் சேர்த்தி.

மலேசிய அரசாங்கம் அப்போது எல்லாரையும் கிழக்கே பாருங்கள், ஜப்பானைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஜப்பான்காரனின் உழைப்பைப் பார்த்தார்கள். கஸ்பார் அவன் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். ஈப்போவில் அவர் ஸ்டோர் பார்த்த ஃபேக்டரியின் மேனேஜர் தனாகா, ஒரு மத்தியானம் தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். விரல் நீளத்துக்குப் பிடித்த சோறு, மேலே பச்சை மீன். சூஷி என்றார். அன்றோடு புந்தோங்கில் இருந்த தன் வீட்டு மீன் குழம்புக்கு மரியாதை போயிற்று. ஐவி சட்டியைத் திறக்கும்போதெல்லாம், "மீனைப் போட்டு இப்படியா வதைக்கிறது" என்று பெருமூச்சு விட்டார்.

வருஷக் கடைசியில் ஸ்டோரில் ஒரு ஸ்குரூகூடக் காணாமல் போகவில்லை. தனாகா மனம் குளிர்ந்து, பினாங்கு கடற்கரை ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்கப் பரிசு கொடுத்தார். சாப்பாடு சேர்த்து. ஜப்பான் சமையல்காரரே அங்கே இருக்கிறாராம். ஜூலையில் போகலாம். பிள்ளைகளை விட்டுவிட்டு, கணவனும் மனைவியுமாக.

அந்தக் கடைசி வார்த்தைதான் இடித்தது. ஐவி வந்தால் என்ன ஆகும்? மெத்தை விரிப்பை உதறி மறுபடி விரிப்பாள். பரிமாறும் பையனிடம் சம்பளம் எவ்வளவு, பெண் பார்த்தாச்சா என்று கேட்பாள். மீன் வேகவில்லை என்று நேரே அடுப்பங்கரைக்கே போய்விடுவாள். இப்படியெல்லாம் அவராக நினைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் எங்கேயாவது கூட்டிப் போங்க என்று கேட்டவளை, பத்து காஜா என்ற ஊரில் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனவர் அவர். அங்கே ஐவி பார்த்த ஒரே காட்சி ஆட்டுக்கல். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் ஆசையே இல்லை என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஆக, இரண்டு பொய். தனாகாவிடம், மனைவிக்கு உடம்பு சரியில்லை, தனியாகத்தான் போகணும். ஐவியிடம், பினாங்குக்குப் பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா, நேர்ச்சை.

"என்ன நேர்ச்சை?" வெங்காயம் உரித்துக்கொண்டே ஐவி கேட்டாள்.

"உன் முட்டிவலிக்குத்தான்லா."

"எனக்கு எங்க முட்டிவலி?"

"வந்துடக்கூடாதுன்னு."

ஐவி நிமிர்ந்து பார்த்தாள். சரி, போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கஸ்பாருக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

ஆனால் ஒன்றை அவர் மறந்துபோனார். அன்னம்மாளிடம் ஒருவர் போகிறார் என்றால், போக முடியாதவர்களின் மெழுகுதிரியும் அவரோடு போகும். சாயங்காலமே தெரு முழுக்க வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு பெட்ரீசியா, மகளுக்குக் குழந்தை வேண்டும் என்று ஒரு கட்டு. எதிர்வீட்டு ரோசரி, பையன் பரீட்சைக்கு ஒரு கட்டு. காளியம்மன் கோயில் பூசையை ஒருநாளும் விடாத சன்னாசி அண்ணன்கூட, கிளம்பாமல் அடம்பிடிக்கும் தன் லாரிக்காக இடுப்பு உயரத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, என் பேரைச் சொல்லிக் கொளுத்து. அவங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால லாரி நம்பரையும் சேர்த்துச் சொல்லிடு."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கஸ்பார் ஓட்டலில் நுழைந்தபோது, வாசல்காரன் வியாபாரி என்று நினைத்துப் பின்பக்கம் கைகாட்டினான்.

அது கிடக்கட்டும். அறை சொர்க்கம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று குளித்து வளர்ந்த மனிதர். இங்கே ஒரு தொட்டி, ஆளையே படுக்கப்போடலாம். சுடுதண்ணீரில் தாடை வரை அமிழ்ந்து கிடந்தார். பிறகு கீழே போய் சூஷி. இறால், சூரை, பெயர் தெரியாத வெள்ளை மீன். கையால் எடுத்துச் சாப்பிடலாமா என்று தயங்கியவரிடம், ஜப்பானிலேயே பல பேர் கையால்தான் சாப்பிடுகிறார்கள் என்று பரிமாறிய பையன் சொல்லிவிட்டான். பிறகென்ன, சோற்றில் கைவைத்த தமிழனை யார் பிடிப்பது? தட்டுத் தட்டாக வந்தது, போனது.

மறுநாளும் அப்படியே. வயிறு நிறைந்ததும் மூட்டை கண்ணில் பட்டது.

வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. குப்பையில் போடலாம் என்றால், மாதாவைப் பெற்ற தாய்க்குக் கொடுத்தது. கை வரவில்லை. பொய் சொல்லத் தைரியம் இருந்த மனிதருக்கு மெழுகுதிரியை வீசத் தைரியம் இல்லை. எங்கே கொளுத்தினாலும் புகை மேலேதானே போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் குளிக்கும் தொட்டிக்குள் நிறுத்திப் பற்றவைத்தார்.

புகை மேலே போகவில்லை. கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்குப் போயிற்று. ஓட்டல் ஆட்கள் வாளியும் குழாயுமாகக் கதவைத் திறந்து பாய்ந்தபோது, கஸ்பார் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டிபோட்டு லாரி நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடல் பார்க்க வைத்திருந்த கடைசிக் காலைப்பொழுது, கரண்டியால் மெழுகு சுரண்டுவதில் போனது. பாதிதான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு கூடை ஆப்பிள், திராட்சை. ஏது என்று கேட்டார்.

"நோயாளியைப் பாக்க வந்தவங்க வச்சிட்டுப் போனாங்க."

யாருக்கு உடம்புக்கு என்று கேட்டதற்கு, இப்ப தேறிடுச்சு என்றாள் ஐவி. மேலே கேட்காமல் ஒரு ஆப்பிளைக் கடித்தார். புனிதத் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று மென்றபடி இழுத்தார். பரவாயில்ல, எந்தத் தண்ணியா இருந்தா என்ன என்றாள். தப்பித்தோம் என்று அவர் நினைத்தார். அதோடு சன்னாசி அண்ணனின் லாரி சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிட்டதாம். தெருவே கஸ்பாரைப் பயபக்தியோடு பார்த்தது.

அடுத்த சனிக்கிழமை ஐவி பெட்டியை எடுத்தாள். லாரிக்கே கேட்டிருக்கு, எனக்குக் கேட்காதா, நானும் பெட்ரீசியாவும் போயிட்டு வாரோம் என்றாள். திருவிழா முடிந்துவிட்டதே என்று பார்த்தார் கஸ்பார்.

"திருவிழாதானே முடிஞ்சிச்சு. அன்னம்மா அங்கதான இருக்காங்க?"

தான் கட்டிய கதையே திரும்பி வர, கஸ்பார் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். பிள்ளைகளை இரண்டு நாள் குளிப்பாட்டி, சோற்றைத் தீயவிட்டு, டின் சார்டினில் பிழைத்தார்.

ஐவி திரும்பி வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. கூந்தலில் ஒரு வாசனை. எங்கேயோ முகர்ந்த சோப்பு என்று கஸ்பாரின் மூக்கு சொன்னது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"கூட்டமா?"

"இல்லங்க, ரொம்ப அமைதி. நீங்க சொன்னது சரிதான். மீனை வேக வைக்கவே கூடாது."

ஐவி நிதானமாகத் தலைமுடியை அவிழ்த்து உதறினாள்.

"உங்க மேனேஜரோட டிரைவர் ராஜு பழக்கூடை கொண்டாந்தப்பவே சொன்னான். உடம்பு தேறினா என் பங்கு ரெண்டு ராத்திரி அப்படியே இருக்காம்."

"மெழுகுதிரி... கொளுத்தினியா?" வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார்.

"அங்க மெழுகுதிரின்னாலே அலறுறாங்க. மொதல்ல குடுத்த ரூம்ல தொட்டி பூரா மெழுகு, எந்தப் பைத்தியமோ லாரி நம்பர் சொல்லிக் கும்பிட்டுச்சாம். கடல் பாத்த மாதிரி வேற ரூம் மாத்தி வாங்கிட்டேன்லா."