ஆயுத பூஜையில் வளைந்த காரட் என்ஜின்

ஒரு விஷயத்தைப் புதிதாகப் படித்தவனிடம், சூடு ஆறுவதற்குள் மைக்கைக் கொடுக்கக் கூடாது. அம்பத்தூரில் எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அறுபதுகளின் கடைசி. தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் நான் டிராஃப்ட்ஸ்மேன். (வரைபடம் போடுகிற வேலை. சினிமா பேனர் வரைகிறவன் என்று நினைத்து மாமனார் பெண் கொடுக்கவே தயங்கினாராம்.) ஆயுத பூஜை சாயங்காலம் ஒவ்வொரு பட்டறையும் அலங்கார வண்டி கட்டி, மார்க்கெட் தெரு வழியாக மைதானத்துக்கு ஊர்வலம் போகும். மைதானத்தில் சிறந்த வண்டிக்குக் கோப்பை. வருஷா வருஷம் அதை எதிர்ப் பட்டறைக்காரர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. "கப்பு இந்தத் தடவை நமக்குத்தான்" என்று கமலாவிடம் சொல்லிவைத்தேன். அவள் அதை வேப்பம்பட்டிலிருக்கும் தன் பிறந்த வீட்டுக்குச் சொல்ல, மாமனார் குடும்பத்தோடு ரயிலேறி வந்துவிட்டார்.

என் தைரியத்துக்குக் காரணம், பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு ரயில்வே பத்திரிகை. அதில் காரட் என்ஜின்களின் சரித்திரம் இருந்தது. ஒரே பாய்லர், அதற்கு முன்னால் ஒரு சக்கர வண்டி, பின்னால் ஒரு சக்கர வண்டி. இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். அதனால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வளைவில் மடங்கிப் போகும். எங்கள் வெல்டர் காதரிடம் படத்தைக் காட்டினேன். பூந்தமல்லிக்காரர், என் வயசுதான்.

"காரட்டா? இன்னா நைனா, அது துண்றது ஆச்சே?"

"கண்டுபிடிச்சவர் பேருப்பா அது."

"அவருக்கு இன்னாத்துக்கு அந்தப் பேரு வச்சாங்கோ?"

"அதை அவங்க அப்பாவைத்தான் கேக்கணும்" என்றேன். ஆனாலும் காதர் இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவே தார் டிரம்களை வரிசையாகப் பற்றவைத்து, இரு முனையிலும் வண்டிகள் தனித்தனியாகத் திரும்புகிற மாதிரி ஆணி கோத்து, அசல் என்ஜினையே இறக்கிவிட்டார். புகைபோக்கிக்குள் தேங்காய் நாரும் சாம்பிராணியும். ஊர்வலத்தன்று பார்த்தால் என்ஜினின் மூஞ்சியில் காரட் மாலை! (என் பதிலில் அவருக்குக் கடைசிவரை திருப்தி இல்லை.)

முன்னால் நாலு பேர் இழுக்க, பின்னால் நாலு பேர் தள்ள, நான் பாய்லர் மேல் மைக்கோடு உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால், ஊர்வலத்தின் முதல் வண்டியாக, எதிர்ப் பட்டறையின் கப்பல். தேர் மாதிரி நீளம், உடம்பெல்லாம் சீரியல் விளக்கு. மார்க்கெட் முனைக்கு வந்ததும் அது திரும்ப முடியாமல் நின்றது. முன்னே போனால் டீக்கடை, பின்னே வந்தால் விளக்குக் கம்பம். கடைசியில் கப்பலைத் தெருவோரம் ஒதுக்கினார்கள். "மிச்ச இடத்துல எந்த வண்டியும் வளையாது, எல்லாரும் திரும்பிப் போங்க" என்றார் ஊர்வலக் கமிட்டிக்காரர்.

"எங்க வண்டி வளையும்!" என்றேன் மைக்கில்.

கூட்டம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் மாமனார். விடுவேனா? "பெரியோர்களே! வெள்ளைக்காரன் காலத்தில், கல்கத்தாப் பக்கம், நிலக்கரி வண்டிகளை இழுக்க வாங்கிய என்ஜின் இது! இரண்டு என்ஜின் செய்கிற வேலையை ஒன்றே செய்தது! இன்றைக்கு டீசல் வந்து இதை ஓரங்கட்டப் பார்க்கிறது..."

முன் வண்டி அழகாக இடது பக்கம் திரும்பியது. சக்கரங்கள் எப்படித் திரும்பும் என்று நான் துல்லியமாக வரைந்திருந்தேன். நடுவில் இருக்கும் பாய்லர் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் என்பதை மட்டும் வரையவில்லை. அந்தப் பாய்லர் மேல்தான் நான் இருந்தேன். மூலையில் டீக்கடை இருந்தது.

கடையின் கீற்றுப் பந்தல் என் தலைக்குள் புகுந்தது. அல்லது என் தலை அதற்குள் புகுந்தது. தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தார் மடியில் வந்து உட்கார்ந்தது. சாம்பிராணிப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. இழுக்கிறவர்கள் முனையைத் தாண்டிவிட்டார்கள். தள்ளுகிறவர்கள் உற்சாகத்தில் தள்ளினார்கள். அப்போதுதான், கையில் மைக் இருப்பதை மறந்து, அம்பத்தூர் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினேன்:

"முன் வண்டி திரும்பிடுச்சு! நான் இன்னும் திரும்பலை!"

பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

"தம் கட்டித் தள்ளுங்கடா, வளையுது!" என்று காதர் பின்னாலிருந்து கத்தினார். பந்தல் கம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. பாய்லர் திரும்பியது. பின் வண்டியும் வழுக்கிக்கொண்டு திரும்பியது. விசில் வானத்தைப் பிளந்தது. கப்பல்காரர்களே துண்டைச் சுழற்றினார்கள்!

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரே வண்டி எங்களுடையதுதான். தலைக்கு மேல் கீற்றுக் கூரையோடு நான் போய் நின்றதைப் பார்த்துத் தலைமை விருந்தினர், "பிரமாதம்! பிளாட்பாரக் கூரையையும் சேர்த்தே செஞ்சிருக்காங்களே!" என்றார். கூரையைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த டீக்கடைக்காரர் அதைக் கேட்டு, "நம்ம கூரைதாங்க!" என்று பெருமையோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். (மறுநாளே காதர் அவருக்கு இரும்புப் பைப்பில் பந்தல் போட்டுக் கொடுத்தார்.)

கோப்பை வாங்கப் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் இன்னும் வாழைத்தாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றேன். மாமனார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"மாப்பிள்ளை, அந்த வாழைத்தாரை என்கிட்ட குடுங்க. கப்பைப் பிடிக்கக் கை வேணும்ல?"

தாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, "எங்க மாப்பிள்ளை!" என்றார். அன்று எனக்குக் கிடைத்தது இரண்டு கோப்பை என்றுதான் சொல்வேன்.

இன்றும் வீட்டில் ஏதாவது விவாதம் வந்து, பிள்ளைகளும் பேரன்களும் ஒரு முடிவுக்கு வந்தபின் நான் மட்டும் விடாப்பிடியாக நின்றால், கமலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"ஏங்க, முன் வண்டி திரும்பிடுச்சு. நீங்க திரும்பியாச்சா?"