காட்டு முசியேவின் செடிப் பட்டாளம்

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் மனிதர்களைப் பார்த்து ஊரும் ஜாதியும் கேட்காதவர் யாருமில்லை. செடியைப் பார்த்துக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் ஏட்டில் எங்கேயாவது இருக்கும். எங்களுக்கு அவர் காட்டு முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

சைகோனில் பிரெஞ்சு சர்க்காரின் சுங்க இலாகாவில், எங்கள் ஊர் வாய்க்கு துவானில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, முப்பதுகளின் நடுவில் பென்ஷனோடு திரும்பியவர். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கோட்டில் ஒரு மெடல். காலையில் ரொட்டியும் காப்பியும். தும்மினால்கூட மன்னிப்பைப் பிரெஞ்சில்தான் கேட்பார். ஆள் தலை முதல் கால்வரை சீமைச் சரக்கு. செடி மட்டும் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

ஒரு கல்யாண வீட்டு வாசலில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்தார்கள். முசியே உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது எந்த ஊரு?" என்று பெண்ணின் தகப்பனாரைக் கேட்டார்.

"குரோட்டன்ஸுங்க. அழகுக்கு வெச்சிருக்கோம்."

"அழகு கெடக்கட்டும். எந்த ஊரு?"

"தோட்டக்காரன் முத்தியால்பேட்டைன்னு சொன்னான்."

"அவன் முத்தியால்பேட்டை. செடி?"

மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, குரோட்டன்ஸ் எந்தக் கடல் தாண்டி, எந்தக் கப்பலில், எவன் புத்திகெட்டு ஏற்றி வந்தது என்று முசியே சாங்கோபாங்கமாக விளக்கினார். பிறகு உள்ளே போய் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். பாயசத்தில் போட்ட முந்திரிக்கு எந்த ஊர் என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்த மேடு பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டது. சேதராப்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டின செம்மண் மேடு அது. காப்புக்காடு என்று சர்க்கார் பலகை நட்டிருந்தார்கள். பலகை நன்றாக இருந்தது. காடுதான் இல்லை. சப்பாத்திக்கள்ளியும் உண்ணிச்செடியும் மண்டி, நரி நுழைந்தால்கூட யோசித்து நுழைய வேண்டிய நிலைமை. அதற்குள் எங்கேயோ மூச்சுத் திணறிக்கொண்டு நாலு காரைச் செடியும் ஒரு இலுப்பையும் இருந்தன. அவற்றைப் பார்த்த அன்றே முசியே டீக்கடைக்கு வந்து பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார்.

"வெளியிலேர்ந்து கப்பல்ல வந்ததுங்க. வந்து குந்திக்கினு நம்ம எடத்த பூரா புடிச்சிக்கிச்சி. வேரோட புடுங்கிக் கடாசணும். யாரு வரீங்க?"

பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊரில், நடுத்தெருவில், மெடல் போட்ட பென்ஷன்காரர் இப்படிப் பேசினால் கேட்கிறவன் என்ன செய்வான்? பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு வாரம் ஒரு போலீஸ்காரர் அவர் பின்னாலேயே சுற்றினார். பேச்சு கள்ளியைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த ஏமாற்றத்தை நான் நேரில் பார்த்தேன்.

பிறகு ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களைக் கோயில் வாசலில் மடக்க ஆரம்பித்தார்.

"கூலி எவ்ளோ முசியே?"

"கூலி கெடையாது."

"சோறு?"

"அவங்கவங்க கட்டியாரணும்."

"அப்ப எதுக்கு வரணும்?"

"மண்ணுக்கு."

கேட்டவர் வானத்தைப் பார்ப்பார், வெயில் ஏறுகிறது என்பார், போய்விடுவார். முதல் ஞாயிறு பட்டாளத்தில் இருந்தவர்கள் முசியே, நான், எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்த ஒரு நாய். நான் போனது மண்ணுக்காக இல்லை. படித்து முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "தேடறதை வெளியில போய்த் தேடு" என்று அப்பா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் போனேன். நாய் பாதி வழியில் புத்தி வந்து திரும்பிவிட்டது.

மேட்டுக்குப் போனதும் முசியே பிரெஞ்சில் "முன்னேறு" என்று கட்டளையிட்டார். நான் முன்னேறினேன். கள்ளி முள் முட்டிக்குள் ஏறியது. சாயங்காலம் அவர் வீட்டு மதாம் ஊசியை நெருப்பில் காட்டி முள் எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு அவரப் பத்தித் தெரியாதா தம்பி? நான் தெரியாம கட்டிக்கினேன். நீங்க ஏன்?" என்றார்கள்.

பிடுங்கினால் போதுமா, நட வேண்டாமா? தம் வீட்டுக் கொல்லையில் பழைய கள்ளுக் கலயங்களில் மண் நிரப்பி, வீரை, காசா, மகிழம் என்று நாட்டு மரங்களின் விதை போட்டுக் கன்று வளர்த்தார். அந்தக் கன்றுகளை மேட்டுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய வேலை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் எல்லைக் கணக்கு புரியாது. மேடு பிரெஞ்சு மண். எங்கள் ஊரும் பிரெஞ்சு மண். நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் மண். அதன் வாயிலில் அவன் சுங்கச்சாவடி. புதுச்சேரியில் வரியில்லாமல் மலிவாகக் கிடைக்கும் பிராந்தியையும் சென்ட்டையும் பட்டுத் துணியையும் அந்தப் பக்கம் யாரும் கடத்தக் கூடாது என்று ஆளைத் தடவிப் பார்ப்பார்கள். முசியேவைக் கண்டால் மட்டும் சாவடி ஜவான் ஒதுங்கிக்கொள்வான். கிழவனிடம் ஒரு தரம் வாயைக் கொடுத்து, சாவடி வாசல் வேப்பமரத்தைத் தவிர மற்றதெல்லாம் வந்தேறி என்று ஒரு மணி நேரம் கேட்டவன் அவன்.

ஒரு ஞாயிறு தையற்கார அந்தோணி வந்து நின்றான். அடுத்தவன் சட்டைக்கே இலவசமாக ஒரு பித்தான் தைத்தறியாதவன்.

"முசியே, எனக்கும் ஒரு கலயம் குடுங்க. மண்ணுக்கு ஏதாவது செய்யணும்னு மனசு அடிச்சிக்குது. சனிக்கெழமயே வாங்கிம் போயி வீட்ல வெச்சித் தண்ணி ஊத்தி எடுத்தாறேன்."

முசியேவின் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் அந்தோணி மச்சானைக் கூட்டி வந்தான். அதற்கடுத்த வாரம் மச்சானின் பங்காளிகள். ஒரு மாதத்தில் தெரு திரண்டு நின்றது. சனிக்கிழமை கலயத்தை வாங்கிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். கனம் தெரியும். சாவடியைத் தாண்டும்போது வாய்க்குள் ஜெபம் ஓடும். மேட்டில், "என் செடிய நானேதான் நடுவேன்" என்று புதருக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். அவ்வளவு பக்தி. நட்டு முடித்து அக்கம்பக்கத்து இங்கிலீஷ் கிராமங்களில் இருக்கிற உறவுக்காரர்களைப் பார்க்கப் போவார்கள். அந்தப் பக்கத்து எல்லையில் சாவடி கிடையாது. அவர்களுக்கு அவ்வளவு உறவு இருந்தது அதுவரை ஊருக்கே தெரியாது.

என் கலயத்தில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தோணியின் கலயத்துக்குள் ஏதோ உடைந்து பிராந்தி வாசனை பத்தடிக்கு வீசியது. முசியே குனிந்து முகர்ந்தார். சைகோனில் தகரப் பெட்டிக்குள் ஈயம் பூசி வைத்த அபினியை மூக்காலேயே பிடித்ததாக எங்களிடம் வாராவாரம் சொன்ன மூக்கு அது.

"நல்ல மண்ணு," என்றார். "கொஞ்சம் எரு அதிகம்."

அந்த வருஷம் அடித்த புயலில் கனகசெட்டிக்குளம் பக்கம் ஒரு கோயில் தோப்பில் நின்ற பெரிய வீரை மரம் சாய்ந்தது. முசியே விதை பொறுக்கியது அந்த மரத்தடியில்தான். அது போனபின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீரை என்று சொல்ல அவர் கொல்லையில் இருந்த கன்றுகள்தான் மிச்சம் என்பது அவர் கட்சி. நாலு போட்டால் ஒன்று முளைக்கும், முளைத்ததும் ஆமை மாதிரி வளரும் ஜாதி. பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஐப்பசி மழைக்கு முந்தி இதுங்களக் கொண்டும் போயிடணும். வேரு ஆடக் கூடாது. ஆடுச்சின்னா இந்த வெயில்ல போயிடும். போனா மறுபடி விதைக்கு நான் எங்க போவேன்?"

அந்தப் புரட்டாசி ஞாயிறு, வீரைக் கன்றுகளோடு பட்டாளம் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் புது இன்ஸ்பெக்டர். சென்னையிலிருந்து வந்தவர். சிரிக்கத் தெரியாத மனிதர். பழைய ஜவான் அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் பானைய எறக்குங்க. செடியப் புடுங்கி மண்ணக் கொட்டு," என்று ஜவானுக்கு உத்தரவானது.

நல்ல உச்சிவெயில். அந்தோணி தன் கலயத்தை இறக்கி வைத்தான். அது தன்னுடையது இல்லை என்பது போல இரண்டடி தள்ளி நின்றான். மச்சானும் பங்காளிகளும் அதையே செய்தார்கள். ஜவான் முதல் கன்றின் தண்டில் கை வைத்தான்.

"கைய எடு," என்றார் முசியே.

அவர் குரல் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"நான் துவான்ல இருந்தவன். தொழில் எனக்கும் தெரியும். எல்லாக் கலயத்துலயும் கடத்தல் சரக்கு இருக்கு. எல்லாம் என்னுது. இவங்க கூலிக்கு வந்த ஆளுங்க, ஒண்ணும் தெரியாது. ஒத்துக்கறேன். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

இன்ஸ்பெக்டர் கலயத்துக்குக் குனிந்தார். "அப்ப கொட்டிப் பாத்துடறேன்."

"ஒத்துக்கினப்புறம் எதுக்குக் கொட்டணும்? புடிச்ச சரக்கப் புடிச்ச மாதிரியே கோர்ட்டுல வெக்கணும். நீங்க இங்க கொட்டுனா, நடுவுல நீங்களே ஏதோ போட்டீங்கன்னு என் வக்கீல் சொல்லுவான். கேஸ் நிக்காது. அதுவரைக்கும் நெழல்ல வெச்சி, சாயங்காலம் தண்ணி. எல மேல ஊத்தக் கூடாது."

உலகத்தில் தன்னைப் பிடித்த சுங்க அதிகாரிக்குச் சட்டமும் சொல்லித் தோட்ட வேலையும் கற்றுக்கொடுத்த குற்றவாளி அவர் ஒருவராகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கோட்டிலிருந்து மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆயுசு முழுக்கக் கடத்தல்காரனைப் பிடித்த மனிதர், கடத்தல்காரன் என்று எழுதிய இடத்துக்குக் கீழே தம் பெயரை முழுசாக எழுதினார். அந்தோணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கோர்ட்டுக்கு வருவதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அதுவரை சாவடிக் கொட்டகையில் கன்றுகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவன் அந்த ஜவான். இங்கிலீஷ் சக்கரவர்த்தியின் செலவில் அவை இரண்டு இலை கூடுதலாக விட்டிருந்தன. மாஜிஸ்திரேட்டு முன்னால் கலயங்களை முசியேவே ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் தட்டி, வேர் ஆடாமல் மண்ணோடு எடுத்துக் காட்டினார். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பிராந்திப் புட்டியைச் சேவகன் எடுத்துக்கொள்வான், கன்று மறுபடி கலயத்துக்குள் போகும். என் கலயத்தில் வெறும் மண் வந்தபோது கோர்ட்டில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

புட்டிகள் பறிமுதல். செடிக்கு வரி கிடையாது, எடுத்துப் போகலாம். வயதை உத்தேசித்து ஜெயில் வேண்டாம், ஆனால் காட்டு முசியே இனி இங்கிலீஷ் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு. இங்கிலீஷ் மண்ணை மிதிக்காமல் மேட்டுக்கு வழியில்லை. மாஜிஸ்திரேட்டுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முசியேவுக்குக் கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டேன், "முசியே, இவங்க எதுக்கு வந்தாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எதுக்கு வந்தான்னு நான் ஏன் பாக்கணும்? வந்தான், குழி வெட்டினான். புட்டிய மறைச்சி எடுக்கறவன் சந்தேகம் வராம இருக்க ஆழமா வேற வெட்டினான்," என்றார். "போ, கன்னுங்கள மழையில வெக்காத."

அடுத்த ஞாயிறு பட்டாளம் கலைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். புது இன்ஸ்பெக்டர் இருக்கும்வரை ஒரு தீப்பெட்டிகூட அந்தப் பக்கம் போகாது. வேலையில்லாத நான் போய்ப் பார்த்தால், முசியே வீட்டு வாசலில் எனக்கு முன்னால் அந்தோணி நின்றிருந்தான். பின்னால் மச்சான், பங்காளிகள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலயத்தில் மண்ணும் வீரையும் மட்டும் இருந்தன.

முசியே எங்களோடு சாவடிக் கம்பம்வரை வருவார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முன்னேறு" என்று பிரெஞ்சில் கத்துவார். மழையானாலும் நாங்கள் திரும்பி வரும்வரை குடையோடு அங்கேயே நிற்பார். செடி எப்படி இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். ஆளுக்கு ஒரு இலை, அவனவன் நட்ட கன்றிலிருந்து பறித்து வந்து காட்ட வேண்டும். வரிசையில் நிற்போம். ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவார்.

தை மாதத்தில் என் கன்று பட்டுப்போயிற்று. எந்தக் காரணமும் இல்லை, பட்டுப்போயிற்று. வெறுங்கையோடு அந்த மனுஷன் முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அந்தோணி தன் கன்றில் இரண்டு இலை பறித்து, ஒன்றை என் கையில் வைத்தான்.

கம்பத்தடியில் முசியே அவன் இலையைப் பார்த்தார். அடுத்து என் இலையைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து வைத்து வெகு நேரம் பார்த்தார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ரெண்டு பேரும் போங்க."

தெருமுனை திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தோணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டதற்குக் கள்ளி முள் என்றான்.