வழுக்கிய இடமெல்லாம் பாசியண்ணன்

குன்னத்துகால் பக்கத்தில் மழைக்காலத்தில் வழுக்கி விழாத ஆளில்லை. ஆனால் விழுந்த இடத்திலேயே கிடந்தபடி, தன்னை விழவைத்தது எந்த வகைப் பாசி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் உலகத்திலேயே பாசியண்ணன் ஒருவர்தான். தூக்கிவிட ஓடிய என்னிடம், "எலே, மிதிச்சிராத! அந்தால நில்லு" என்று கத்தினார். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஆபரேட்டர் அவர். மோட்டாரைப் போட்டுவிட்டால் தொட்டி நிறையும்வரை சும்மா இருக்க வேண்டும். அப்போது பிடித்த பைத்தியம் இது. வயலில் தலைமுடிபோல மிதப்பது, ஆற்றுப்பாறையில் கறுப்பாய் ஒட்டியிருப்பது, எருமை முதுகில் படிந்தது என்று காலி மருந்துக்குப்பிகளில் சுரண்டிச் சேர்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் கை கழுவப் போனவர் குழாயடியைச் சுரண்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் பாயசக் கையோடு பந்தி முழுவதும் காத்திருந்தது.

என் வீட்டு மதில் ஆரஞ்சு நிறமானபோது, மட்டமான பெயின்ட் என்று பெயின்டரைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

"அவன என்னத்துக்கு ஏசுத? இதும் பச்சப்பாசிக்க சாதியாக்கும்" என்றார் பாசியண்ணன். "வெயிலு தாங்க ஆரஞ்சுச் சட்ட போட்டிருக்கு, அவ்வளவுதான்."

பெயின்டருக்குச் சாயா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பிறகுதான் கோயில் குளம் பச்சையாகிப்போனது. சாமியை நீராட்டும் ஆறாட்டுக்குப் பத்து நாள் இருந்தது. தலைமைப் பூசாரியான தந்திரி, சாமி சிலையோடு முங்க வேண்டிய தண்ணீரில் பாசி பாய் விரித்ததுபோலக் கிடந்தது. கமிட்டி செக்ரட்டரி நான். ரப்பர் மரத்துக்கு அடிக்கிற துரிசை, அதாவது மயில்துத்தத்தை, ஒரு சாக்கு கரைத்து ஊற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

பாசியண்ணன் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இதக் கொட்டினா பாசி மொத்தமும் ஒண்ணிச்சுச் செத்து அழுகும். அழுகினா தண்ணியில மீனுக்கு மூச்சு கெடயாது. செத்த மீனுக்க எடயிலயாக்கும் சாமி முங்கணும், கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு சாமிய விடப் பாசிதான் பெரிசு!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

அவர் எழுந்து, குளத்துக்கு வரும் ஓடையில் இறங்கி மேட்டை நோக்கி நடந்தார். "இதுக்குத் தீனி போடுதது யாருன்னு பாக்கணும், வாருங்கோ" என்றார். கமிட்டியே பின்னால் போனது. ஓடை இரண்டு திருப்பம் திரும்பி ஒரு வாழைத்தோட்டத்து வேலிக்கடியில் நுழைந்தது. உள்ளே, போன மழைக்கு முன் வாரி இறைத்த யூரியா. பக்கத்தில் ஒழுகும் கோழி எருக் குவியல்.

தோட்டம் என்னுடையது.

ஊரே என் முகத்தைப் பார்த்தது. பாசியண்ணன் மட்டும் மண்ணை வெட்டி ஓடையை அடைக்க ஆரம்பித்தார். நானும் மண்வெட்டி எடுத்தேன். பத்து நாளும் காலையில் பழைய சேலைகளைக் கட்டி இழுத்துப் பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையேற்றினோம். தண்ணீர் பளிங்காகிவிடவில்லை. தண்ணீருக்குள் மூன்று படி தெரிந்தது. ஆறாட்டன்று தந்திரியின் காலை மீன் கடித்ததில் மந்திரத்துக்கு நடுவே அவர் சிரித்துவிட்டார். கரையில் நின்ற பாசியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறார். "இஞ்ச ஒரு சுவரும் பச்ச பிடிக்கல மக்கா" என்று போனில் புலம்புகிறார். இங்கே ஆரஞ்சு மதிலைக் கழுவச் சொல்லி என் மனைவி தினமும் சண்டை. நான் தொடவில்லை. மழை விட்டதும் அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன்.

நேற்றும் கூப்பிட்டார். "மதிலு எப்பிடி இருக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு அண்ணே. எனக்குத்தான் உங்களத் தேடுது."