மேடு வந்தால் ஏசியை அணைக்க வேண்டும்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, வண்டி மூவரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், சந்து சுவரில் உரசி உரசி உன் பெரிய கார் வாங்கி வைத்திருக்கும் கீறல்கள் எல்லோரும் நலமா?

பேசியபடி ஞாயிற்றுக்கிழமை நீ வந்து உன் பெரிய காரை எங்களிடம் விட்டுவிட்டு எங்கள் சின்னக் காரை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த வாக்கு வாக்குதான். ஆனால் ஒரு பையனை வேறு பள்ளிக்கு அனுப்பும்போது நடத்தைச் சான்றிதழ் இல்லாமல் நான் அனுப்பியதே இல்லை. அதுதான் இந்தக் கடிதம்.

முதலில் குறைகள். பின் சீட்டில் உட்காருபவர் முழங்காலைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். டிக்கியில் ஒரு பெட்டிதான் போகும், இரண்டாவது பெட்டி உன் அக்கா மடியில். இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து கொஞ்சம் தூக்கி முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். நான் ஆறடி என்பதால் என் தலை எண்ணெய் கூரைத் துணியில் வட்டமாகப் படிந்திருக்கிறது. பூகோளம் நடத்தினவனுக்கு அது ஒரு தீவாகத் தெரிகிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதன் கரையோரமாக நடந்துவிட்டு வருவேன். தகரம் மெலிசு. மழை பெய்தால் மேலே யாரோ பயறு கொட்டுகிற மாதிரி சத்தம், ஒரு வார்த்தை பேச முடியாது. அப்போது ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்போம். கண்ணாடியில் தெரு முழுக்கக் கரைந்து வழியும், கடை விளக்கெல்லாம் நீளநீளமாக இழுபடும், உன் அக்கா ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். இதைக் குறை என்றுதான் எழுத ஆரம்பித்தேன்.

நிறைகளும் உண்டு. பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும். இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே விட்டுவைத்த இடம் இதற்கு மைதானம். உன் சந்தில் இது கண்ணை மூடிக்கொண்டு திரும்பும். எங்கள் மெக்கானிக் என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். என்னால் அவருக்கு வரும்படியே இல்லை. உதாரணம் சொல்வதென்றால், கடைசி வரிசையில் உட்கார்ந்து தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் ஒன்றுகூட வாங்காமல், அதே சமயம் ஒரு நாளும் லீவு போடாத பையன்.

ஆனால் பெரிய குறையை இன்னும் சொல்லவில்லை. ஏசி ஓடினால் மேடு ஏறாது. ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் வந்ததும் நான் "மேடு" என்பேன். உன் அக்கா ஏதாவது யோசனையில் இருந்தாலும், பார்க்காமலே கை நீட்டி ஏசித் திருகியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவாள். வண்டி முனகிக்கொண்டு, மாடிப்படி ஏறுகிற பெரியவர் மாதிரி, நின்று நின்று ஏறும். சைக்கிள்காரர் எங்களைத் தாண்டும்போது திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமே ஒரு நிறம் மாறிவிடும். காற்று உள்ளே வந்து அவள் முடியை என் தோளில் போடும் (இடம் அவ்வளவுதான்). கீழே ரயில் ஒன்று விளக்குகளைக் கோத்துக்கொண்டு போகும். வண்டி போகிறதா, பாலம்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று எனக்கே தெரியாது.

போன தடவை வந்தபோது, "ஒரு சுத்து போய்ட்டு வாங்க அத்தான்" என்று உன் கார் சாவியைக் கொடுத்துவிட்டு நீ அசந்து தூங்கினாய் அல்லவா, அன்றைக்கும் அங்கேதான் போனோம். பாலம் வந்தது. பழக்க தோஷம், "மேடு" என்றேன். உன் அக்காவும் கையை நீட்டினாள். அந்த இடத்தில் திருகி இல்லை, பளபளவென்று ஒரு திரை. அதைத் தொட்டதும் ஒரு பெண் குரல், எங்கே போக வேண்டும் என்று கேட்டது. இவள் மரியாதையாக, "சும்மா இப்படித்தாம்மா" என்று பதில் சொன்னாள். அவள் கையை மடியில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம்.

"என்னங்க, பாலம் எங்க?"

"போயிடுச்சு."

வீட்டுக்கு வரும்வரை அவள் கை மடியிலேயே இருந்தது. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காரலாம் போல இருந்தது. நீ எழுந்து "எப்படி?" என்று கேட்டபோது அவள் ரொம்ப சௌகரியம் என்றாள், நானும் ரொம்ப சௌகரியம் என்றேன். அவள் முழங்கால் வலிக்கு உன் வண்டிதான் நல்லது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை காலம் வருவாள்? அதனால்தான் சம்மதித்தேன், தம்பி. வேறு ஒன்றுமில்லை. சாவியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். எல்லோரும் நீடூழி நலமாக, மெதுவாக, இருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "உங்க தலை இடிக்குதேன்னுதான் நான் சரின்னேன்" என்றாள். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது. தம்பி வந்தா டீ குடுத்து அனுப்புங்க" என்றாள். ஆகவே மேலே உள்ள குறை, நிறை, வாக்கு எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. தபால் பெட்டி எங்கள் தெரு முனையிலேயே இருக்கிறது. இதை வண்டியிலேயே பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போடலாம் என்கிறாள். செருப்பு மாட்டியாகிவிட்டது.