தட்டு மாற்றிய ஊசி பாய்

திண்டுக்கல்லில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆத்மா எங்கள் தெரு ஊசி பாய்தான். ஊரே விசிறிக்கு அலையும்போது இவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார்.

தோல் வியாபாரி. இசைத்தட்டு ஒரு பக்கம் பாடி முடித்ததும் பழைய ஊசியை எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார். அதனால் அந்தப் பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் பெயரை நம்பி, காய்ச்சலோடு ஊசி போட்டுக்கொள்ளப் போய்விட்டார். பாய் அவரை உட்காரவைத்து இசைத்தட்டின் பூர்வகதையை ஆரம்பித்தார்.

"மொதல்ல மெழுகு உருளதேன் தம்பி. நூறு உருளை வேணும்னா பாடகரு திரும்பத் திரும்பப் பாடணும், தொண்டை கிழிஞ்சிரும். தட்டு வந்துச்சு, ஒருக்கா பாடுனாப் போதும், அச்சுல அடிச்சுக்கிட்டே இருக்கலாம்!"

"பாய், எனக்கு நூத்திரெண்டு டிகிரி..."

"செத்த நேரம் இருங்க, இன்னும் அரக்குத் தட்டுக்கே வரல."

இப்பேர்ப்பட்டவரை என் நிச்சயதார்த்தத்துக்கு அழைத்தது என் புத்திசாலித்தனம். சின்னாளப்பட்டியில் பெண் வீடு. போய் இறங்கியதும் கரண்ட் போனது, ஸ்பீக்கர் செத்தது. பாய் முகத்தில் பௌர்ணமி. கார் டிக்கியிலிருந்து கிராமபோனைத் தூக்கிவந்து மூலையில் பாடவைத்தார். நன்றாகத்தான் போனது.

அப்போது பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: "நேரமாச்சு, தட்ட மாத்துங்கப்பா!"

அவர் சொன்னது பழமும் சேலையும் வைத்த தாம்பாளத் தட்டுகளை. பாய் தனக்கிட்ட கட்டளை என்று எண்ணி இசைத்தட்டை மாற்றிவிட்டார். லேபிள் உரிந்த தட்டு. ஏதோ பழைய நாடகத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் மாரடித்துக் கதறும் ஒப்பாரி!

பெண்ணின் அப்பா கையிலிருந்த தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நல்ல காரியத்துல என்னய்யா இது? இந்தச் சம்பந்தமே வேணாம், கெளம்புங்க!"

கதவோரம் நின்ற பெண் என்னையே பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன்.

பாய் ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்து முழங்காலில் வைத்து ஒரே அழுத்து. அரக்குத் தட்டு அப்பளம்போல இரண்டாக உடைந்தது.

"அபசகுனத்த ஒடச்சாச்சுண்ணே. தப்பு எம்மேல. புள்ளைக என்ன செஞ்சிச்சு? நீங்க தட்ட மாத்துங்க."

பெண்ணின் அப்பா துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினார்.

மறுநாள் பாய் வீட்டுக்குப் போனேன். "விடுங்க தம்பி, அது கீறல் விழுந்த தட்டு" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை, அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மேஜைமேல் பட்டுத்துணி விரித்து இரண்டு துண்டுகளையும் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.