நான் வீட்டைக் காத்த விதம்

இந்தக் கோடையில் எவ்வளவு பெரிய காட்டுத்தீ வந்தாலும் பண்ணையை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தேன். முடிவெடுத்த பிறகுதான் மனைவி கொரலியிடம் சொன்னேன். அந்த வரிசைதான் தவறு.

தீயணைக்க என்னிடம் புதுத் தண்ணீர்ப் பம்ப் இருந்தது. தீப்பொறி எளிதில் பற்றாத கம்பளிச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து கண்ணாடி முன் நின்றபோது, தீயே சற்று யோசிக்கும் என்று தோன்றியது.

கொரலி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். அவள் பாட்டுக்கு மூன்று வாரம் ஏணியில் ஏறி, கூரை விளிம்பில் அடைந்திருந்த யூகலிப்டஸ் சருகை அள்ளினாள். வீட்டைச் சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டினாள். நான் பம்பைத் துடைத்தேன்.

பிறகு ஓர் இரவு, நாளை நாற்பத்தைந்து டிகிரி, அனலாய் வடகாற்று, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள் என்று வானொலி எச்சரித்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொரலி வந்தாள்.

"மெர்வின், குதிரைங்கள மட்டும் டவுன் திடல்ல விட்டுட்டு வந்துடலாமா?"

"நீயே போயேன். நான் இங்க நிக்கணும்."

"போவேன். அந்தக் குறுகின கேட்ல ட்ரெய்லர ரிவர்ஸ்ல விடணுமே. உன்ன விட்டா இந்த வட்டாரத்துல யாருக்கு வரும்?"

உண்மையை மறுப்பது என் வழக்கமில்லை. அரை மணி நேரம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கிளம்பினேன்.

திடல் கேட்டுக்குள் ட்ரெய்லரை ஒரே முயற்சியில் விட்டேன். யாரும் பாராட்டவில்லை. திடலில் ஆண்கள் மடக்கு நாற்காலிகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வாளித் தண்ணீர் வரை போராடுவேன் என்று போன வாரம் மதுக்கடையில் சூளுரைத்த அடுத்த பண்ணை அலஸ்டர், மடியில் கிளிக்கூண்டுடன் இருந்தான்.

"நீயுமா?"

"நான் பக்கத்துல இல்லேன்னா கிளிக்கு மூச்சு வாங்குமாம்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள் கொரலி. பிறகு தேநீர், சாண்ட்விச். நான் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோது மலைக்கு அப்பால் புகை எழுந்துவிட்டது, சாலையை மூடிவிட்டார்கள்.

"பம்ப யாரு பார்த்துப்பா?" என்றேன்.

"பம்ப் போனா வேற வாங்கலாம். உன்ன எங்க போய் வாங்கறது?"

நானும் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து அலஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். தீ, அவள் புல் வெட்டிய கோடு வரை வந்து அடங்கியிருந்தது. வீட்டில் ஒரு சன்னல்கூட உடையவில்லை. கோட்டுக்கு அப்பால், நான் நிற்பதாக இருந்த இடத்தில், பம்ப் உருகி அலுமினியத் தகடாகத் தரையில் படிந்திருந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவளைவிடக் கெட்டிக்காரரைப் பார்த்ததில்லை என்று அவளிடமே சொன்னேன். சிரித்துவிட்டுக் குதிரைகளை இறக்கப் போனாள்.

கையுறை எடுக்கக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஊர்ப் பெண்கள் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டக் குறிப்பு இருந்தது: கணவர்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவரையும் வெளியேற்றும் வழி. அலஸ்டர்: "மிகக் கடினம். கிளி தேவைப்படும்."

அடுத்தது நான்: "மெர்வின்: சுலபம். ஒரு பாராட்டு போதும்."